உள்ளே தாழ்ப்பாள் வைத்த வண்டி

எங்கள் வண்டியைப் பற்றி யாராவது கேட்டால் என் வீட்டுக்காரர் சக்கரத்திலிருந்து ஆரம்பிப்பார். எந்தப் பள்ளத்தில் இறங்கியது, எந்தப் பாறையில் எப்படி ஏறியது என்று கையைக் காலை ஆட்டிச் சொல்வார். நான் கக்கூஸிலிருந்து ஆரம்பிப்பேன். வண்டியை வாங்கியது நான்தான். அதனால் என் வழியிலேயே சொல்லிவிட்டுப் போகிறேன்.

கடைசிப் பிள்ளை பிறந்ததற்கு அப்புறம் எனக்குச் சிறுநீரை அடக்க முடியாமல் போய்விட்டது. வந்தால் வந்ததுதான், அந்த நிமிஷமே போயாக வேண்டும். டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார், உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தார். கொஞ்சம் குறைந்ததே தவிர விட்டுப் போகவில்லை. பழவேற்காட்டுக்கும் மீஞ்சூருக்கும் நடுவில் எங்கெங்கே கழிப்பறை இருக்கிறது, எது பூட்டிக் கிடக்கும், எதில் கதவு இருந்தும் கொண்டி இருக்காது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. மீஞ்சூரைத் தாண்டினால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான். ஒரு தடவை பஸ்ஸில் ஆனதை இங்கே எழுத மாட்டேன். அதோடு வெளியூர்ப் பயணத்துக்கு ஒரு கும்பிடு போட்டேன். வேலூரில் என் தம்பி மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. "நண்டு யாவாரத்த வுட்டுட்டு வருவாளா அவ, காசுப் பேய்" என்று சொந்தத்தில் பேர் வாங்கினேன். வீட்டுக்காரரைத் தவிர ஒருத்தருக்கும் உண்மை தெரியாது. ஆம்பளைக்கு என்ன, வேலி கண்ட இடமெல்லாம் கக்கூஸ். இதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற மணல் திட்டில் எங்கள் குப்பம். வீட்டுக்காரர் பைபர் போட்டில் கடலுக்குப் போவார். ஏரியில் முறை வைத்து வலை போடுவதைப் பாடு என்போம். எங்கள் பாடு வரும் நாளில் ஏரிக்குப் போவார். நான் சேற்று நண்டு வாங்கி, உயிரோடு கட்டி, பெட்டி போட்டு சென்னைக்கு அனுப்புகிறவள். என்னோடு உட்கார்ந்து நண்டு கட்டுகிறவள் என் நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை. பக்கத்து வீடு. நண்டு கையைக் கடித்தாலும் கடிக்கும், அவள் வாய் கடிக்காமல் விடாது. மணலில் பெட்டி இழுக்க நான்கு சக்கரமும் பிடித்து இழுக்கிற பழைய ஜீப் ஒன்று வைத்திருந்தோம். எல்லாவற்றுக்கும் அந்த ஜீப்தான் பிள்ளையார் சுழி.

ஒரு மழைக்காலத்தில், புயல் சின்னம் என்று யாரும் கடலுக்குப் போகாத நாள். வீட்டுக்காரர் காலை நீட்டிக்கொண்டு போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ வெளிநாட்டுப் பாலைவனம். ஒரு ஜீப், அதன் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போகிற குட்டி வீடு. மணலில் புதைகிறது, ஓடையில் இறங்குகிறது, கல்லில் ஏறுகிறது. நிறுத்திவிட்டு ஒரு பலகையை இழுத்தால் அடுப்பு, இன்னொரு கதவைத் திறந்தால் படுக்கை.

"இன்னாமே, இத்தப் பாரேன். நம்ம மணல்லகூட ஜோரா இழுக்கும்மே!"

நான் பெட்டிக்குப் போடுகிற கோணியை நனைத்துக்கொண்டே ஒரு கண்ணால் பார்த்தேன். அந்த வீடியோவில் ஒரு வெள்ளைக்காரம்மா வண்டியின் பக்கக் கதவைத் திறந்து உள்ளே போனாள். கதவு மூடுவதற்குள் வெள்ளையாக என்னமோ தெரிந்தது.

"யோவ், நிறுத்து. அந்தம்மா எங்க போச்சு? மறுபடி போடு."

மறுபடி போட்டார். மறுபடியும் போடச் சொன்னேன். சந்தேகமே இல்லை. வண்டிக்குள்ளேயே கக்கூஸ்! கையில் கோணியோடு அப்படியே நின்றுவிட்டேன். அவருக்கு அந்த வண்டி மணலில் ஓடுகிறது என்பது பெரிது. எனக்கு அந்தக் கதவு மூடியது பெரிது. இரண்டு பேரும் ஒரே வண்டிக்கு ஆசைப்பட்டோம், வேறு வேறு காரணத்துக்கு. குடும்பம் என்றாலே அப்படித்தானே.

நம் நாட்டிலும் அதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று தேடிக் கண்டுபிடித்தார். சென்னைக்கு அந்தப் பக்கம், நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பட்டறை. முதல் நாளிலிருந்தே தண்ணீர் குடிக்காமல், வழியில் எந்தப் பெட்ரோல் பங்கில் நிறுத்துவது என்று திட்டம் போட்டுக்கொண்டு, உயிரைக் கையில் பிடித்தபடி போய்ச் சேர்ந்தேன். போனதும் வாட்ச்மேன் ரூமுக்குப் பின்னால்தான் முதலில் போனேன். வண்டியை அப்புறம்தான் பார்த்தேன்.

மூன்று விதம் வைத்திருந்தார்கள். ஒன்று மேலே கூடாரம் விரிகிறது. எங்கள் ஊர்க் கடல் காற்றுக்கு அது குடை மாதிரி பிய்த்துக்கொண்டு போகும். இன்னொன்று ஏசி, டிவி எல்லாம் வைத்த பெரிய சைஸ். மணலில் இறக்கினால் அங்கேயே பட்டா வாங்கிக் குடியிருக்க வேண்டியதுதான். மூன்றாவது குள்ளமாக, கெட்டியாக, ஜீப் சக்கரம் போலவே பெரிய சக்கரங்களோடு நின்றது. வீட்டுக்காரர் அதைச் சுற்றி வந்தார். புது போட்டைப் பார்க்கிற மாதிரியே விரலை மடக்கித் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். மல்லாந்து படுத்து அடியில் நுழைந்தார். சாவியால் சட்டத்தைச் சுரண்டி, "உப்புக் காத்துக்குத் தாங்குமா? துத்தநாகம் முக்கினதா, சும்மா பெயிண்ட்டா?" என்றார். முக்கினதுதான் என்றார் பட்டறைக்காரர். இரண்டு வாளி தண்ணீர் கேட்டு வாங்கிக் கூரை மேல் ஊற்றிவிட்டு உள்ளே போய் ஒழுகுகிறதா என்று பார்த்தார். பட்டறைக்காரர் வாயைப் பிளந்துவிட்டார்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பி சோலார் தகடு, நிழல் விரிப்பு, அடுப்பு என்று அடுக்க ஆரம்பித்தார். பெண்பிள்ளைக்கு அடுப்பைக் காட்டினால் போதும் என்று நினைத்தார் போல.

"அதெல்லாம் கெடக்கட்டும் சார். கக்கூஸ் எங்க?"

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒரு பெட்டியை எடுத்துக் காட்டினார். வண்டிக்குப் பக்கத்தில் சின்னக் கூடாரம் அடித்து அதற்குள் இதை வைத்துக்கொள்ளலாமாம்.

"ஏன் சார், எனக்கு அவசரம்னா ரோட்டோரத்துல நின்னு கூடாரம் கட்டினு இருக்கவா? அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிபூடும்."

வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். நான் விடவில்லை. வண்டியின் பின்மூலையில் சாமான் அலமாரி இருந்த இடத்தைக் காட்டினேன். அதை எடுத்துவிட்டு அங்கே நாலு பக்கமும் சுவர், பக்கவாட்டில் கதவு, உள்ளே தாழ்ப்பாள். தாழ்ப்பாள் இல்லாமல் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புவேன் என்று சொன்னேன். காலி அலமாரிக்குள் ஏறி உட்கார்ந்து, புடவையைத் தூக்கிச் செருகித் திரும்ப முடிகிறதா என்றும் பார்த்தேன். வெட்கப்பட்டால் காரியம் ஆகுமா? வெட்கப்பட்டு வெட்கப்பட்டுத்தான் பாதி ஆயுசு போய்விட்டது.

மாசி கழிவதற்குள் வண்டி தயாராகிவிட்டது. எடுக்கப் போன அன்று பட்டறைக்காரர் ஒவ்வொன்றாக விளக்கினார். கொக்கி இப்படி, பிரேக் வயர் இப்படி, கழற்றும்போது பின்னால் ஊன்றுகால் இறக்க வேண்டும். "சார், லோடு ஏத்தும்போது வெயிட்டு..." என்று ஆரம்பித்ததும் வீட்டுக்காரர் கையை உயர்த்தினார். "பாரம் ஏத்தறது எங்களுக்கு நீ சொல்லித் தரணுமா நைனா? பொறந்ததுலேர்ந்து அதானே பண்றோம்." நானும் பெருமையாகத் தலையாட்டினேன்.

குப்பத்துக்குள் வண்டி நுழைந்தபோது ஊரே திரண்டுவிட்டது. ஐஸ் வண்டியா என்றார் ஒருத்தர். ரேஷன் வண்டி என்றார் இன்னொருத்தர். வீட்டுக்காரர் அதற்கு முன்பக்கம் மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, கரையில் போட்டுகள் நிற்கிற வரிசையிலேயே கடலைப் பார்த்து நிறுத்தினார். பஞ்சாயத்துப் பெரியவர் வந்து, இது போட்டு கணக்கா வண்டி கணக்கா, கோயில் வரி எதில் சேர்ப்பது என்று மெய்யாகவே யோசித்தார். என் நாத்தனார் உள்ளே எட்டிப் பார்த்தாள். அந்தச் சின்ன அறையைக் கண்டதும் அவளுக்கு விஷயம் கிடைத்துவிட்டது.

"அவனவன் வூட்டுக்குள்ள கக்கூஸ் கட்டுவான். எங்க அண்ணி கக்கூசுக்கு சக்கரம் கட்டிக்கினு வந்துக்குது!"

ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தில் யார் எது சொன்னாலும் உறைக்கவில்லை.

கடலுக்குப் போகத் தடை விதிக்கிற காலம் வந்தது. போட்டுகள் எல்லாம் கரை ஏறிவிட்டன. எங்கே போவது என்று அவர் கேட்டார். கடலும் ஏரியும் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது, மலை பார்க்க வேண்டும் என்றேன். ஜவ்வாது மலை என்று முடிவானது. முதல் தடவை அந்தக் கக்கூஸை ரோட்டில்தான் பயன்படுத்துவேன் என்று ஒரு வைராக்கியம் வைத்திருந்தேன். அதோடு மனசுக்குள் இன்னொன்றும் இருந்தது. இந்தப் பயணம் கெட்டுப்போனால் இனிமேல் எந்தப் பயணமும் இல்லை, மீஞ்சூரோடு என் உலகம் முடிந்தது. அதை அவரிடம் சொல்லியும் வைத்திருந்தேன்.

சாமான் ஏற்றியது அவர். கடல் போட்டில் பாரமெல்லாம் அமரத்தில் இருக்க வேண்டும், அதாவது பின்னால். அப்போதுதான் முன்பக்கமான அணியம் தூக்கிக்கொண்டு அலையில் ஏறும். முன்னால் பாரம் வைத்தால் மூக்கை அலையில் குத்திக்கொண்டு போய்ச் சேர வேண்டியதுதான். எங்கள் ஊர்க் குழந்தையைக் கேட்டால்கூட இதைச் சொல்லும். அந்தப் புத்தியிலேயே தண்ணீர் கேன்கள், அரிசி, சிலிண்டர், நண்டு வைத்த ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் பின்னால் அடுக்கினார். போதாததற்கு ஒரு நங்கூரம்.

"மலைக்கு எதுக்குய்யா நங்கூரம்?"

"இருக்கட்டும்மே. கையில இருந்தா ஒரு தெகிரியம்."

அடுக்கி முடித்துப் பின்னால் தள்ளி நின்று பார்த்தார். மூக்கு தூக்கிக்கொண்டு நின்றது. "பார்த்தியா, எப்படி நிக்குது, போட்டு மாதிரி!" நானும் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

மணலில் சொன்ன பேச்சுக் கேட்டு வந்தது. காட்டுப்பள்ளி ரோட்டில் துறைமுக லாரிகளுக்கு நடுவிலும் ஒழுங்காக வந்தது. மீஞ்சூர் தாண்டி வெளிவட்டச் சாலையில் ஏறினோம். நான் வாய்விட்டே கத்தினேன். "யோவ், மீஞ்சூர் தாண்டிட்டோம்!" அவர் குஷியாகி வேகம் எடுத்தார். அப்போதுதான் பின்னால் ஆட்டம் தொடங்கியது. முதலில் லேசாக, அப்புறம் வரவர அதிகமாக, நாய் வால் ஆட்டுகிற மாதிரி வண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்தது. ஜீப்பையும் சேர்த்து இழுத்தது. பக்கத்தில் ஒரு கண்டெய்னர் லாரி ஹாரனை அலறவிட்டுக்கொண்டு போனது. புயலில் போட்டு ஓட்டின மனுஷன், அவர் முகத்தில் நான் அப்படி ஒரு பயத்தைப் பார்த்ததே இல்லை. எப்படியோ ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, மெல்ல மெல்ல ஓரத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

பயத்தில் எனக்கு வந்துவிட்டது. கேட்கவா வேண்டும்? இறங்கி ஓடினேன், கதவைத் திறந்தேன், தாழ்ப்பாள் போட்டேன், உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, மீஞ்சூருக்கு அந்தப் பக்கம், வெளியில் லாரிகள் பறக்க, உள்ளே நான் நிம்மதியாக. அடடா, அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வேன்!

அது நீடிக்கவில்லை. வெளியில் என் வீட்டுக்காரர், கொக்கியில்தான் கோளாறு என்று நினைத்து, ஊன்றுகாலை இறக்காமல் கொக்கியைக் கழற்றியிருக்கிறார். திடீரென்று உலகம் பின்பக்கமாகச் சாய்ந்தது. வண்டியின் மூக்கு வானத்துக்குப் போக, பின்பக்கம் படாரென்று தரையில் உட்கார, நான் இரண்டு காலும் மேலே தூக்கியபடி பின்சுவரில் அப்பிக்கொண்டேன். கால் கழுவ வைத்திருந்த தண்ணீரும் குவளையும் என் மடியில் விழுந்தன.

"யோவ்! இன்னாய்யா பண்ற?"

"நீ உள்ளயா கீற? வேலிப் பக்கமா ஓடினேன்னு நெனச்சேன், உள்ளதான் போனியா?"

பிடித்துப் பிடித்து ஏறி, தாழ்ப்பாளைத் திறந்து, நனைந்த புடவையோடு தரையில் குதித்தேன். வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. அவர் தலைக்கு மேலே போய்விட்ட கொக்கியை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "வூட்டுக்குப் போயிடலாம்மே. உசுரு முக்கியம்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மீஞ்சூர் இன்னும் முதுகுக்குப் பின்னால் தெரிகிற தூரம்தான். அவ்வளவுதானா, இவ்வளவு ஆசைக்கும் இதுதானா என்று அந்த மூக்கையே முறைத்துப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க உறைத்தது. நான் நண்டுப் பெட்டி தள்ளுகிற இரண்டு சக்கர வண்டி இருக்கிறது. அதில் பெட்டியைப் பின்னால் வைத்தால் கைப்பிடி இப்படித்தான் கையைவிட்டுத் தூக்கிக்கொண்டு போகும். பின்பாரம்! இது அலையில் ஏறுகிற சாதி இல்லை, ரோட்டில் உருள்கிற சாதி.

"யோவ், இது போட்டு இல்லய்யா! வண்டி! பின்பாரம் ஆயிடுச்சு!"

அவர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "அடச்சே" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். அடுத்த நிமிஷம் இரண்டு பேரும் அடக்க மாட்டாமல் சிரித்தோம். போகிற வருகிற லாரிக்காரர்கள் எங்களைப் பைத்தியம் என்றே முடிவு கட்டியிருப்பார்கள். அந்தச் சாலை ஓரத்தில் வீட்டுச் சாமான் அத்தனையும் இறக்கினோம். கேன்களைச் சக்கரத்துக்கு மேலேயும், சிலிண்டரையும் ஐஸ் பெட்டியையும் முன்னாலேயும் வைத்துக் கட்டினோம். நங்கூரம்கூட மூக்குக்குப் போனது. கொக்கி மாட்டியதும் அவர் பயந்து பயந்து நகர்த்தினார். ஆட்டம் இல்லை. வேகம் கூட்டினார். அப்போதும் ஆட்டம் இல்லை. கோடு போட்ட மாதிரி நேராக வந்தது. நான் கைதட்டினேன்.

வேலூர் போகிற வழியெல்லாம் இளநீர், மோர், கரும்புச்சாறு என்று கண்டதையெல்லாம் வாங்கிக் குடித்தேன். நிறுத்து என்றால் நிறுத்தினார். போய்விட்டு வந்தேன். அவ்வளவுதான் விஷயம். இந்த அவ்வளவுதான் கிடைக்காமல்தான் இத்தனை வருஷம் வீட்டில் கிடந்தேன். மலையில் தார் ரோடு முடிந்து கல்லும் மண்ணுமாக ஆனபோது வண்டி எங்கள் பின்னாலேயே குதித்துக் குதித்து ஏறியது. அவர் ஒவ்வொரு பள்ளத்துக்கும் "ஹோய்" என்று கூவினார். நான் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு புது மலையைப் பார்த்தேன். அங்கே காலையில் எழுந்து கதவைத் திறந்தபோது பனி உள்ளே வந்தது. எங்கள் ஊர் வெயிலுக்கு அது நம்ப முடியாத காரியம்.

கக்கூஸுக்கு அடியில் தொட்டி ஒன்று இருக்கிறது. அதைக் கழற்றிக் குழி வெட்டியோ கழிப்பறையிலோ கொட்டிக் கழுவ வேண்டும். நான் எடுக்கப் போனேன். அவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். "மீன் கொடலு அள்ளற கைதானே, இத்த அள்ளக் கூடாதா?" என்றார். இந்த மனுஷனை நான் திட்டுகிற திட்டுக்கு அளவில்லை. ஆனாலும் அன்று அவரைப் பிடித்தது போல என்றைக்கும் பிடித்ததில்லை.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் நாத்தனாரோடு நண்டு கட்ட உட்கார்ந்தேன். வாய் ஓயாமல் மலைக்கதை சொன்னேன். பஸ்ஸில் நடந்ததைக்கூட முதல் தடவையாகச் சொல்லிவிட்டேன். அவள் எப்போதும் போல ஏதாவது சொல்லி மட்டம் தட்டுவாள் என்று காத்திருந்தேன். அவளோ கயிற்றைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கரைக்குப் போனாள். வண்டிக்குள் ஏறினாள். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

வெகுநேரம் வரவில்லை. நான் போய்க் கதவைத் தட்டினேன். திறந்தாள். அழுதிருந்தாள்.

"எனக்கும் அப்படித்தான் அண்ணி. உனக்கு முன்னாடிலேர்ந்தே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் மகளை நெல்லூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறது. பேரன் பிறந்து நடக்கிற வயசும் ஆகிவிட்டது. இவள் ஒரு தடவைகூடப் போனதில்லை. சம்பந்தி வீட்டில் மரியாதை இல்லை, அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஊரே நம்பியது. நானும் நம்பினேன். அவள் மகளும் அதை நம்பி, அம்மாவுக்காகப் புருஷன் வீட்டாரோடு சண்டை போட்டு, கடைசியில் அம்மாவோடும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

"மரியாதையில்லன்னு சொன்னியேடி, அதெல்லாம்?"

"அவங்க தங்கமானவங்க அண்ணி. அவ்ளோ தூரம் பஸ்ல நான் எப்படிப் போறது? வேற இன்னா சொல்லச் சொல்ற?"

"அடிப்பாவி, இத்தினி வருசமா பக்கத்துல உக்காந்து நண்டு கட்றேன், எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"நீ மட்டும் சொன்னியா?" என்றாள்.

அங்கேயே போனை எடுத்து அவள் மகளைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு அவள் கையில் கொடுத்தேன். மகள் எடுத்த எடுப்பில் பதறினாள். "இன்னாம்மா, நைனாவுக்கு ஒண்ணும் ஆவலயே?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. நான் உங்க வூட்டுக்கு வரேன்."

அந்தப் பெண், பேசப் பயந்தவள் போல, சின்னக் குரலில் கேட்டாள்.

"எங்க மேல கோவம் போச்சாம்மா?"